பேப்பர்காரங்க குடுத்த பொண்ணு

இல்லீங்க, எனக்குப் பொண்ணே கிடையாதுங்க. ரெண்டும் பசங்க. அவனுங்க கால் நாலும் நல்லாத்தான் இருக்கு, பொழுதன்னிக்கும் ஒருத்தன ஒருத்தன் ஒதைச்சுக்கிறானுங்க. நீங்களும் பேப்பரைப் பாத்துட்டுத்தான் கேக்குறீங்க, தெரியுது. காலையிலேருந்து இது மூணாவது விசாரிப்பு. முன்னாடி வந்தவங்க பழம் வேற வாங்கிட்டு வந்துட்டாங்க, பொண்ணுக்குக் குடுங்கன்னு. என்னத்தச் சொல்றது... பசங்க தின்னுட்டானுங்க.

சாஞ்சுக்குங்க. கழுத்தை லூசா விடுங்க. மூஞ்சியில போட்ட இந்தப் பேக் காயிற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. நல்லதாப் போச்சு, ஒரு ஆளாவது நான் சொல்றதை முழுசாக் கேட்ட மாதிரி இருக்கும்.

அடிபட்டது கீழ இருக்கிற தையக்காரம்மாவோட பொண்ணு. மாடிப்படிக்கு அடியில மிஷின் சத்தம் கேக்குதில்ல, அவங்கதான். எதுத்தாப்புல ஸ்கூல், நடுவுல இந்த மெயின் ரோடு. சிக்னல் கிடையாது, கோடு கிடையாது. இருந்த வேகத்தடையும் புது ரோடு போடுறப்ப வழிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. பிள்ளைங்க தாண்டுற நேரமாப் பாத்துத்தான் லாரியும் வரும், வேனும் வரும். அந்தப் பொண்ணு பாதி ரோட்டுக்கு வந்துட்டு, போலாமா வேணாமான்னு தயங்கி நின்னுச்சு. வேன்காரன் அடிச்சுட்டான். தொடையில கம்பி வச்சிருக்காங்க. ஆஸ்பத்திரியில அவங்கம்மா முகத்தைப் பாத்தேனே... வேணாம், அதை இப்பப் பேச வேணாம்.

மனு குடுத்தோம். நேர்ல போய் நின்னோம். பரிசீலனையில இருக்குன்னாங்க. அடுத்த தடவ போனப்பவும் அதே பரிசீலனைதான். அப்புறம்தான் ரோட்டுலயே உக்காந்துடறதுன்னு முடிவு பண்ணோம்.

இங்கதான் நான் கொஞ்சம்... என்ன சொல்றது, ஆர்வக்கோளாறு. பக்கத்து வார்டுல தண்ணி வரலன்னு மறியல் பண்ணாங்களே, அந்தப் போட்டோவைப் பாத்திருப்பீங்க. தலைமுடி பறக்குது, வாயப் பொளந்துக்கிட்டு ஏதோ அடிக்க வர்ற மாதிரி ஒரு பொம்பள. அவங்க என் கஸ்டமருங்க, ஈ எறும்புக்குக் கூட வழிவிட்டுப் போற மனுஷி. கொட்டாவி விட்டப்ப எடுத்துட்டானாம். நம்ம தெருவுக்கு அந்த கதி வரக் கூடாதுன்னு, அன்னிக்கு விடிஞ்சதும் கடையத் தொறந்து, வந்தவங்க அத்தனை பேருக்கும் ஓசியில மேக்கப் போட்டு விட்டேன். முகத்துக்குப் பூச்சு, கண்ணுக்கு மை, தலைய இழுத்து வாரி ஒரு கொண்டை. தையக்காரம்மா மட்டும் "எனக்கு எதுக்குடி"ன்னுட்டாங்க. அவங்களைக் கொஞ்சம் ஓரமா உக்காரச் சொன்னேன், வரிசைக்கு ஒத்து வரல... அதை விடுங்க.

உக்காந்தோம். வெயில்னா வெயில். நடுவுல ஒரு ஆம்புலன்ஸ் வந்துச்சு, எல்லாரும் எழுந்து ஒதுங்கி வழிவிட்டுட்டு மறுபடி உக்காந்தோம். ஒரு பேப்பராவது அதை எழுதணுமே? ம்ஹூம்.

மறுநாள் மூணு பேப்பரையும் வாங்கிட்டு வந்து இதே நாற்காலியில உக்காந்து படிச்சேன். பெரிய பேப்பர் இருக்குல்ல, அதுல என்ன போட்டிருக்கான், மறியலால் பொதுமக்கள் அவதி. அப்ப நாங்க யாருங்க? ரோட்டுல உக்காந்தா பொதுமக்கள் லிஸ்ட்லேருந்து அடிச்சுடுவாங்களா, எழுந்துபோய் பஸ்ல ஏறினா திரும்பச் சேத்துக்குவாங்களா? பொண்ணு கால் ஒடிஞ்சது கடைசி வரியில வருது, அதுவும் "கூறப்படுகிறது"ன்னு. கம்பி வச்சிருக்கு, எக்ஸ்ரே இருக்கு, இன்னும் கூறப்படுதாம்.

எங்க வீட்டுக்காரர் வாங்குற பேப்பர் அதுக்கு மேல. விழாவுக்கு வந்த மாதிரி அலங்காரத்தோட வந்திருந்தாங்களாம், பின்னாலேருந்து தூண்டிவிட்டது யாருன்னு விசாரிக்கணுமாம். எங்க தெருவுல யாரைத் தூண்டிவிட முடியும்? வாசல்ல கிடக்கிற குப்பையை எடுங்கன்னு ஒரு வருஷமாத் தூண்டிக்கிட்டு இருக்கேன், ஒருத்தர் குனியல. அவரு பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "யாருன்னு எனக்குத் தெரியும்"னு என்னையே பாத்தாரு.

சாயங்காலப் பேப்பர் எங்க பக்கம்தான். ஆனா அவன் எங்க பக்கம் இருந்ததுதான் எனக்கு ரொம்பக் கூச்சமாப் போச்சு. முதல் பக்கத்துல பெரிய போட்டோ. தலைப்பு, கண்ணீரில் மிதந்த தாய்மார்கள். ஒருத்தரும் அழலங்க. நான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன், பாதிப் பேரு பிள்ளைங்க பரிச்சையப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாங்க. ஓசி மேக்கப்னு விலை கம்மியான மையை எடுத்துட்டேன், அது வேர்வையில கரைஞ்சு கன்னமெல்லாம் ஓடிருச்சு. அவ்வளவுதான் விஷயம். நெசமா அழ வேண்டியவங்க ஓரத்துல கல்லு மாதிரி உக்காந்திருந்தாங்க. மூணு பேப்பர்லயும் அவங்க முகம் இல்ல. ஒண்ணுல முழங்கை மட்டும் தெரியுது.

ஆனா பாருங்க, அந்தப் போட்டோவைப் பாத்து யாரோ பெரிய அதிகாரி வீட்டம்மா சாப்பிடவே இல்லையாம். ரெண்டே வாரத்துல சிக்னல் கம்பம் வந்து இறங்கிருச்சு. மனுவால வராதது மையால வந்துச்சு. உடனே மூணு பேப்பர்லயும் ஒரே தலைப்பு: நமது செய்தி எதிரொலி. தூண்டிவிட்டது யாருன்னு கேட்டானே, அவனுக்கும் எதிரொலியாம்.

இப்பத்தான் என் கதைக்கு வர்றேன். தொறப்பு விழா அன்னிக்கு அதிகாரி வந்து பட்டனை அமுக்கணும்னு எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தோம். அவரு வரல. ஸ்கூல் மணி அடிச்சுருச்சு. தையக்காரம்மா பொண்ணைக் கூட்டிக்கிட்டு நின்னாங்க, அது கையில கம்போட. சோதிச்சுப் பாக்குறதுக்காக யாரோ பச்சை விளக்கைப் போட்டு அப்படியே விட்டிருந்தாங்க. ரெண்டு பேரும் அவங்க பாட்டுக்கு ரோட்டைத் தாண்டி உள்ள போயிட்டாங்க. போட்டோகாரங்க அத்தனை பேரும் கார் வர்ற பக்கமே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

அப்புறம் அதிகாரி வந்தாரு, அமுக்கினாரு. அடிபட்ட பொண்ணோட அம்மா எங்கன்னு தேடியிருக்காங்க. ஒரு பேப்பர்காரப் பையன் எங்கிட்ட வந்து "நீங்கதானேம்மா?"ன்னான். ஒரே ஹாரன் சத்தம். போராட்டத்துக்கு முன்ன நின்னது நீங்கதானான்னு கேக்குறானாக்கும்னு நெனச்சு தலையாட்டிட்டேன். பூட்டாத வாய்னு ஊருக்கே தெரிஞ்சவ நான், அன்னிக்குன்னு பாத்து வாயத் தொறக்காம தலைய ஆட்டினேன். கொஞ்சம் சோகமாப் பாருங்கன்னான். அப்பவாவது ஏன்டான்னு கேட்டிருக்கணும். கேக்கலீங்க. சோகமாப் பாத்தேன், நல்லாவே பாத்தேன்.

மறுநாள் பேப்பர்ல நான்தான் தாய். கண்கலங்கி நிக்கிறேன். எங்க மாமியார் போன் பண்ணி, எனக்குத் தெரியாம எப்போ ஒரு பேத்தி பொறந்தான்னு கேக்குறாங்க.

பயந்துக்கிட்டே கீழ இறங்கிப் போனேன். அக்கா, மன்னிச்சுக்குங்கன்னேன். அவங்க மிஷினை நிறுத்தல. ஊசியப் பாத்துக்கிட்டே, "பேப்பர்லயே போட்டுட்டான்ல, நாளையிலேருந்து நீயே கொண்டுபோய் விடு. எனக்கு யூனிஃபார்ம் தைக்கிற வேலை குமிஞ்சு கிடக்கு"ன்னாங்க. கிண்டலா, கோவமா, இன்னிக்கு வரைக்கும் புரியல. ஆனா மறுநாள் காலையில அந்தப் பொண்ணு பையை மாட்டிக்கிட்டு மாடிப்படியில வந்து நின்னுச்சு.

அன்னிலேருந்து நான்தான் கூட்டிட்டுப் போறேன். போனாத்தானே தெரியுது. பச்சை விளக்கு எரிய ஆரம்பிச்சா, அந்தக் காலுக்குப் பாதி ரோடுதான் வருது. அதுக்குள்ள செவப்பாயிடுது. முன்னாடி எங்க நின்னு தயங்குச்சோ அதே இடத்துல வந்து என் கையப் பிடிச்சுக்கும். கை சில்லுன்னு இருக்கும். நான் இன்னொரு கைய நீட்டி வண்டிய நிறுத்துறேன். பஸ்காரங்க நிப்பாட்டுறாங்க, பேப்பர்ல பாத்த அம்மாவாச்சே.

மூணு பேப்பருக்கும் போன் போட்டேன். நேரம் பத்தலங்க, கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லி எழுதுங்கன்னேன். ரெண்டு பேரு எடுக்கவே இல்ல. சாயங்காலப் பேப்பர்காரன் மட்டும் மரியாதையாச் சொன்னான், "அந்தச் செய்தி முடிஞ்சு போச்சும்மா."

முடியலீங்க. தினம் காலையில பாதி ரோட்டுல நிக்குது.

அதனால வியாழக்கிழமை மறுபடி உக்காரப் போறோம். தையக்காரம்மாதான் நடுவுல. அவங்க பக்கத்துல பொண்ணு. யாருக்கும் மேக்கப் கிடையாது, நான் உள்பட. என்ன வேணா எழுதிக்கட்டும். நீங்களும் வரணும், அதே ரோட்டைத் தாண்டித்தானே இங்க வர்றீங்க? காலையில ஒரு மணி நேரம், அவ்வளவுதான்...

என்னங்க, தலைய ஆட்டுறீங்க? வர்றேங்கிறீங்களா, வரமாட்டேங்கிறீங்களா? பரவால்ல, வாயத் தொறந்தே சொல்லிடுங்க. தலையாட்டுறதை நம்பி ஒரு பொண்ணுக்குத் தாயானவ நானு.