கொக்கி விழுந்த மூடி

படகின் பின்னால் மாட்டும் மோட்டாரின் மூடியில் கீறல் விழுந்தால் முதலில் அதைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். பலர் நேராக உப்புத்தாளை எடுத்துவிடுகிறார்கள். கடலுப்பு காய்ந்து ஒட்டியிருக்கும். அதோடு சேர்த்துத் தேய்த்தால் ஒரு கீறல் பத்தாகும். நான் அவசரப்படுகிறவன் அல்ல.

நீங்கள் கேட்டது வேறு என்று தெரிகிறது. அதற்குத்தான் வருகிறேன்.

எங்கள் ஸ்வீடன் மேற்குக் கரையில் இந்த மாதிரி வேலைகளை எல்லாரும் குளிர்காலத்துக்குத் தள்ளி வைப்பார்கள். செப்டம்பர் கடைசியில் சிங்கி இறால் பிடிக்க அனுமதி தொடங்கும் வாரத்தில் காய்ச்சல்காரன்கூடக் கடலில்தான் இருப்பான். அந்த வாரத்தில் என் படகு மட்டும் கரையேறியிருந்தது. நான் கொட்டகையில் மோட்டார் மூடியைக் கழற்றி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் பிழை. அப்படியே விட்டிருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கீறல்களைப் பார்த்துக்கொண்டு என்னால் படகோட்ட முடியவில்லை.

சிக்ஸ்டன் என் தங்கை குன்வோரின் கணவன். கடலில் இறக்கும் அவன் இறால் கூண்டுகள் எப்போதும் நிறையும். என்னுடையவை பெரும்பாலும் வெறுமையாகவே ஏறும். இங்கே அடுத்தவன் வீட்டுக்குள் கேட்காமல் நுழையலாம். அவன் கூண்டைத் தொடக் கூடாது. காற்றில் நகர்ந்து உன் கயிற்றின் மேல் வந்து விழுந்தால் மட்டும் தூக்கலாம். உள்ளே இருப்பதோடு பழைய இடத்தில் போட்டுவிட வேண்டும். சிக்ஸ்டன் என் கூண்டை வேறு மாதிரி தொடுகிறான் என்று பல வருடங்களாக எனக்கு ஓர் எண்ணம். யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வாரத் தொடக்கத்தில் ஒருநாள் காலை மூடுபனி. பாறைத்தீவுக்குப் பின்னால் சிக்ஸ்டன் தன் படகில் நின்றபடி என் கூண்டை விளிம்பில் சாய்த்து வைத்திருந்தான். என் மிதவை அவன் காலடியில் கிடந்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. என் அலையில் அவன் படகு எழும்பியது. கூண்டு ஒரு பக்கம் விழ, மிதவை இழுக்கும் கொக்கிக் கழியோடு அவனும் தண்ணீரில் விழுந்தான். அவன் படகு விலகிப் போய்விட்டது. எட்டும் தூரத்தில் இருந்தது என் படகுதான். கழியை நீட்டி என் மோட்டார் மூடியில் கொக்கியை மாட்டினான். மோட்டார் சத்தத்தில் அவன் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

அவன் உடலைத் தேடிய படகுகளில் நானும் இருந்தேன்.

உடல் கிடைத்த பிறகு குன்வோர் என் கொட்டகைக்கு வந்தாள், கையில் காப்பிக் குடுவையோடு. கண் வீங்கியிருந்தாலும் அவள் கேலிப் பேச்சு மாறாது.

"என்னண்ணா, ஊரே கடல்ல கெடக்கு, நீ மோட்டாருக்குக் கல்யாண அலங்காரம் பண்ணிட்டிருக்க?"

"கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"அவரு சவப்பெட்டியத் தூக்குறப்ப முன்னாடி நீதான் நிக்கணும். அவருக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?"

"நிக்கிறேன்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். "அன்னிக்குக் கெளம்பும்போதுகூட உன் பேச்சுதான். காத்துல உன் கூண்டு எங்க கயித்து மேல வந்து விழுந்திருச்சாம். 'மச்சான் கூண்ட அதோட எடத்துல போட்டுட்டு வந்துடறேன், இல்லன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான்'னு சிரிச்சுக்கிட்டே போனாரு."

நான் வாளித் தண்ணீரை மாற்றினேன். அவள் விரல் மூடியின் மேல் போனது. படகுத்துறையில் உரசிய கீறல் பக்கவாட்டில் ஓடும். இவை உச்சியிலிருந்து பின்பக்கமாகக் கீழே இறங்கின.

"இது தொறையில ஒரசினது இல்லையே. யாராச்சும் உன்னக் கொக்கி போட்டு இழுத்தாங்களா என்ன?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். மூன்றாவது கீறலில் அவள் விரல் நின்றுவிட்டது. பிறகு குடுவையைக்கூட எடுக்காமல் எழுந்து போனாள். அவள் காவல் நிலையத்துக்கு உங்களிடம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை.

அவள் போனபின் வேலையை முடித்தேன். பட்டி வைத்து, காயவிட்டு, ஈர உப்புத்தாளில் தேய்த்து, சாயம் அடித்தேன். அவன் என் கூண்டைத் திருப்பிப் போடத்தான் வந்தான் என்று அவள் சொன்ன பிறகுமா என்கிறீர்கள். அது எனக்குப் புதுச் செய்தி அல்ல.

மோட்டார் சத்தம் என்று சொன்னேன் அல்லவா, அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அவன் விழுந்ததுமே மோட்டாரை அணைத்துவிட்டேன். ஆள் தண்ணீரில் இருக்கும்போது விசிறி சுற்றக் கூடாது. இங்கே குழந்தைக்கும் தெரியும். அவன் பேசியது தெளிவாகவே கேட்டது. குளிரில் மூச்சு விட்டு விட்டுத்தான் சொன்னான்.

"மச்சான், உன் கூண்டுதான். ஒண்ணும் எடுக்கல. ரெண்டு பெருசு கெடக்கு, பாரு."

பிறகு அந்தக் கூண்டைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு இருந்தன. பெரியவைதான்.

நான் அவனைத் தள்ளவில்லை. அவனைத் தொடக்கூட இல்லை. கொக்கியின் இரும்பு மூடியில் பிறாண்டியது. கொக்கியை மட்டும் எடுத்துவிட்டேன். அவன் மறுபடி மாட்டினான், மறுபடி எடுத்தேன். மூன்று தடவையும் மெதுவாகத்தான் எடுத்தேன். வெடுக்கென்று இழுத்திருந்தால் கீறல் இன்னும் ஆழமாகியிருக்கும்.