தேய்க்காத காசு

கறுத்த வெள்ளிக் காசைத் தேய்க்கக் கூடாது, ஐயா. உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். அது அழுக்கு இல்லை. காற்றையும் புகையையும் பல வருஷம் குடித்து வெள்ளி தானாகப் பூசிக்கொண்ட நிறம். ஒருமுறை தேய்த்துவிட்டால் திரும்ப வராது. சேகரிக்கிறவர்களுக்கு இது தெரியும். போடியில் மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

என் மனைவி செல்லக்கனியின் அக்காள் முனியாயி கொடுத்திருக்கும் புகார் ஒரு காசைப் பற்றியது. செத்தவள் நெற்றியில் வைத்து அனுப்ப வேண்டிய காசை நான் திருடிக்கொண்டேன் என்கிறார். உண்மைதான். செல்லக்கனியின் நெற்றியில் இருந்தது என் சட்டைப்பையில் கிடந்த சாதாரண ஒரு ரூபாய். ஆனால் அதற்கு மட்டும் என்றால் நீங்கள் இவ்வளவு எழுத வேண்டியதில்லை.

செல்லக்கனியும் நானும் இருபத்தாறு வருஷம் வாழ்ந்தோம். ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், நுரையீரல் கெட்டுப் படுத்துவிட்டாள். போன வருஷத்திலிருந்து ஆக்சிஜன் மிஷின்தான் அவளுக்கு மூச்சு. எங்கள் மாடி பலகைத் தளம் போட்ட ஒரே அறை. ஒரு பக்கம் அவளுடைய இரும்புக் கட்டில். மறுபக்கம், ஸ்டூடியோவை மூடியபோது தூக்கிவந்த என் கேமராவும் விளக்குகளும். அவளைத் தனியாக விடக்கூடாது என்றுதான் மாடியிலேயே என் சோலியை வைத்துக்கொண்டேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பேச்சு நின்றுபோன பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. வளையலால் கட்டில் கம்பியில் இரண்டு முறை தட்டினால் தண்ணீர். விடாமல் தட்டினால் மூச்சு முட்டுகிறது. சொல்லிக்கொடுத்தது நான்தான்.

காசு அவளுடைய ஆத்தாளுடையது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். ராசா தலை போட்ட பழைய வெள்ளி ரூபாயைத் துணியில் முடிந்து, காய் உலர்த்தும் கூடத்தின் கூரையில் நாற்பது வருஷம் செருகி வைத்திருந்தார். அத்தனை வருஷத்துச் சூடும் புகையும் அதில் ஏறியிருந்தன. ஓரத்தில் ஊதா, நடுவில் மயில்கழுத்து நீலம், ராசாவின் கன்னத்தில் மட்டும் பொன். சேகரிக்கிறவர்களுக்கு எத்தனையோ ஊர்க் காசுகளைப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

அவள் அதைத் தரமாட்டாள். சுருக்குப்பையில் வைத்திருந்தாள். பேச்சு இருந்த நாளில் ஒருமுறை கெஞ்சினேன். சிரித்தாள்.

"இது என் நெத்திக்குங்க. ஊரு சனத்தையெல்லாம் படம் எடுத்தீக, என்னய எடுத்தீகளா? எடுத்தா என்னயும் சேத்து எடுங்க."

கடைசி வாரம் அதைக் கைக்குள்ளேயே இறுக்கிக்கொண்டாள். உள்ளங்கை வியர்வை அந்த நீலத்தைத் தின்றுகொண்டிருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின்தடை என்று முன்னமே அறிவித்திருந்தார்கள். மிஷின் இன்வெர்ட்டரில் ஓடியது. பத்தரைக்குச் சிலமலையிலிருந்து முனியாயி போன் செய்தார்.

"தம்பி, மத்தியான பஸ்சுக்கு வர்றேன். ஆத்தா காசு கறுத்துக் கெடக்குல்ல, புளி கொண்டார்றேன். இப்பவே தேச்சு வெள்ளையாக்கி வச்சுருவோம். நாளப்பின்ன அவசரத்துல நெனப்பு வராது."

நெற்றிக்காசைப் புளி போட்டு விளக்கித்தான் வைப்பார்கள். வேண்டாம் என்று நான் சொன்னால் கேட்கிறவர் இல்லை. தங்கச்சி மேல் அவ்வளவு பாசம்.

செல்லக்கனி அசந்து தூங்கினாள். விரல்கள் விரிந்திருந்தன. எடுத்துக்கொண்டேன்.

மலையில் மேகம் இறங்கியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் காசு கருகிய தோசை மாதிரிதான் தெரியும். விளக்கை லென்சை ஒட்டி உச்சியிலிருந்து இறக்க வேண்டும். ஒரு விரற்கடை நகர்ந்தாலும் நீலம் அணைந்துவிடும். அதற்கு என் பழைய ஸ்டூடியோ விளக்குகள்தான் சரி. ஆனால் அவை கரண்டைக் குடிக்கும். மிஷினையும் விளக்கையும் இன்வெர்ட்டர் சேர்த்துத் தாங்காது. ஒன்றைத்தான் மாட்ட முடியும்.

பத்து நிமிஷம் என்றுதான் நினைத்தேன். கேமராவில் நேரம் பதிவாகியிருக்கிறது. பதினொன்று எட்டிலிருந்து பதினொன்று இருபத்தாறு வரை. நாற்பத்தொரு படம். பிறகு விளக்கைக் கழற்றிவிட்டு மிஷினை மாட்டினேன். முனியாயி வந்தபோது அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம். என் அழுகை பொய் இல்லை, ஐயா. இன்றைக்கும் காலையில் இரண்டு டம்ளர் காப்பி ஆற்றிவிட்டு, ஒன்றை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிறேன்.

நாற்பது படங்கள் மங்கலாக இருப்பதைப் பார்த்தீர்கள். கை நடுங்கியதா என்று கேட்டீர்கள். கேமரா ஸ்டாண்டில் இருந்தது. கை படவில்லை. காசை இவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது பலகையில் ஓர் அதிர்வு வந்தாலும் படம் ஆடிவிடும். செல்லக்கனி கட்டில் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தாள். விடாமல் தட்டினாள். ஒவ்வொரு தட்டும் தளத்தின் வழியாக ஸ்டாண்டுக்கு வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டுவது நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.

நின்றது. நாற்பத்தொன்றாவதை எடுத்தேன்.

அதில் துளி ஆட்டம் இல்லை. ஊதா, நீலம், பொன் எல்லாம் அப்படியே வந்திருக்கின்றன. அவ்வளவு அமைதியை அவள்தான் எனக்குக் கொடுத்தாள். கேட்டபடியே அவளையும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறேன்.