இருபத்தி மூணு நிமிஷம் பழசு

...அதனாலதான் சொல்றேன், ஒரு ஆளைப் பத்தி "எனக்குத் தெரியாதா?"ன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க. ஒரு சின்ன சம்பவம் சொல்றேன், கேளுங்க. பின்னாடி வரிசையில பஜ்ஜி சாப்பிடுறவங்களும் கேளுங்க... பஜ்ஜி எங்கேயும் ஓடிடாது!

சேலம் பக்கத்துல ஒரு விமானப் பயிற்சிக் கழகம். நாலு பேர் உட்கார்ற குட்டி விமானம் ஒண்ணு இருக்கு. அதுல கையில எடுத்துட்டுப் போற மாதிரி ஒரு கருவி வைக்கணும். வழியும் காட்டணும், மழை எங்கே பெய்யுதுன்னும் காட்டணும். தேர்ந்தெடுக்கற பொறுப்பு கேப்டன் மாசிலாமணிக்கு. முப்பது வருஷம் பறந்த மனுஷன். பயன்படுத்திப் பார்க்கச் சொல்லி கடைக்காரர் ரெண்டு கருவி குடுத்து அனுப்பியிருக்கார்.

முதல் கருவி... அடடா, என்ன அழகு! பெரிய திரை. பச்சை, மஞ்சள், சிவப்புன்னு மழை அப்படியே பட்டுப்புடவை மாதிரி விரிஞ்சு கிடக்குது. ரெண்டாவது கருவி? சின்னது, மங்கல். அதோட ஒரு கெட்ட பழக்கம் வேற. படத்துக்கு நட்ட நடுவுல, பெரிய எழுத்துல, "எட்டு நிமிடம் பழையது", "பன்னிரண்டு நிமிடம் பழையது"ன்னு எழுதிக்கிட்டே இருக்கும். முதல் கருவியும் அந்த நேரத்தைக் காட்டும். ஆனா மூலையில... எறும்பு சைஸ்ல!

மாசிலாமணிக்கு எரிச்சல். "என்னய்யா இது, மழை எங்கேன்னு கேட்டா தன் வயசைச் சொல்லுது!" உடனே கழகச் செயலாளருக்குப் போன் போட்டு, பெரிய திரையையே வாங்கிடலாம்னு சொல்லிட்டார். முடிவு பண்ணியாச்சு. சும்மா ஒரு பேருக்கு ரெண்டையும் எடுத்துக்கிட்டு, பக்கத்து சீட்டுல ஜெசிந்தாங்கிற இன்னொரு விமானியையும் கூட்டிக்கிட்டு, பாண்டிச்சேரிக்குக் கிளம்பினார்.

ஐப்பசி மாசம். மத்தியானம். கிளம்பிப் பதினெட்டு நிமிஷம் ஆச்சு, சின்னசேலம் நெருங்குது. முன்னாடி வானம் கன்னங்கரேல்னு நிக்குது. மாசிலாமணி பெரிய திரையைப் பார்க்கிறார். வடக்குல இருந்து தெற்கு வரைக்கும் சிவப்பு. இடி மேகம்! குட்டி விமானம் அதுக்குள்ள போனா இறக்கை தாங்காது. ஆனா நடுவுல... நடுவுல ஒரு சந்து! தெளிவா, சுத்தமா ஒரு வழி. விமானத்தோட குட்டிப் படம் அந்தச் சந்தை நோக்கி நகர்றதும் தெரியுது. அவருக்குக் குஷி. ஜெசிந்தாகிட்ட, பார்த்தியாம்மா, இதுக்குத்தான் பெரிய திரை வேணும்னேன்னு சொல்லிக்கிட்டே விமானத்தைச் சந்துப் பக்கம் திருப்புறார்.

ஜெசிந்தா மடியில சின்னக் கருவி. அதுலயும் அதே படம், அதே சந்து. ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. ஏன்னா ரெண்டுக்கும் படம் வர்றது ஒரே இடத்துல இருந்துதான். ஆனா இதுல நடுவுல எழுதியிருக்கு... "இருபத்து மூன்று நிமிடம் பழையது."

அந்தப் பொண்ணு மெதுவா கேட்டாங்க. "சார், இருபத்தி மூணு நிமிஷத்துக்கு முன்னாடி நாம எங்கே இருந்தோம்?"

"தரையில இருந்தோம். இன்ஜினைச் சரிபார்த்துக்கிட்டு இருந்தோம். அதுக்கென்ன இப்போ?"

"அப்போ எடுத்த படம் சார் இது. நாம இவ்வளவு தூரம் வந்துட்டோம். மழை மட்டும் அங்கேயே நமக்காக நின்னுக்கிட்டு இருக்குமா?"

புரியுதா உங்களுக்கு? விமானம் இருக்குற இடம், இப்போ இருக்குற இடம். மழை இருக்குற இடம், அப்போ இருந்த இடம். ரெண்டையும் ஒரே படத்துல போட்டு அழகாக் காட்டுது பெரிய திரை! பார்க்குறவன் எல்லாம் இப்போன்னு நினைச்சுக்குவான்.

மாசிலாமணி கண்ணாடி வழியா வெளியே பார்த்தார். படத்துல சந்து இருக்கு. கண்ணு முன்னாடி? கருப்பு. வெறும் கருப்பு. முப்பது வருஷ அனுபவம், போலாம்ங்குது. செயலாளர்கிட்ட சொன்ன வார்த்தை, போலாம்ங்குது. ஆனாலும் அந்த மனுஷன் விமானத்தை அப்படியே சேலத்துக்குத் திருப்பினார்.

இறங்கி நிறுத்தினப்போ புதுப் படம் வந்துச்சு. அவர் போகணும்னு நினைச்ச அந்தச் சந்து இருந்த இடம்... முழுக்க சிவப்பு! மூடிக்கிச்சு! உள்ளே போயிருந்தா திரும்பி வரக்கூட இடமில்லை. அங்கேயே நின்னு செயலாளருக்குப் போன் போட்டார். "நான் சொன்னது தப்புங்க. சின்னதையே வாங்குங்க. பெரிசு பொய் சொல்லலை, ஆனா எப்போ பார்த்ததுன்னு சத்தமாச் சொல்லலை."

இப்போ நான் உங்களைக் கேட்குறேன். உங்க தம்பியைப் பத்தி உங்க மனசுல ஒரு படம் இருக்கே, அது எப்போ எடுத்தது? பாகப்பிரிவினை அன்னைக்கு எடுத்ததா? மருமகளைப் பத்தின படம்? கல்யாணம் ஆன முதல் வாரத்துல எடுத்ததா? "அவன் சோம்பேறி"ங்கிறீங்களே அம்மா, உங்க பையன்... அது பத்தாங்கிளாஸ்ல எடுத்த படம். அவனுக்கு இப்போ முப்பத்தி நாலு வயசு!

ஊருக்குச் சொல்றேனே, நான் ஒழுங்கா? எங்க அக்காகிட்ட பதினோரு வருஷம் பேசாம இருந்தவன் நான். திமிர் பிடிச்சவள்னு எல்லார்கிட்டயும் சொல்லித் திரிஞ்சேன். போன மாசம் போனேன். கதவைத் திறக்கவே அவளுக்கு ரொம்ப நேரம் ஆச்சு. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்து வந்தா. நான் பதினோரு வருஷமா யாரோட சண்டை போட்டேன்? அந்த வீட்டுல அப்படி ஒருத்தியே இல்லைங்க... எனக்கு அழுகை வந்துடுச்சு.

எல்லாரையும் மன்னிச்சிடுங்கன்னு நான் சொல்ல வரலை. அதெல்லாம் பெரிய மகான்கள் சொல்வாங்க. நான் சொல்றது இவ்வளவுதான். போய் ஒரு தடவை நேர்ல பாருங்க. பார்த்துட்டு, அப்புறமும் சண்டை போடணும்னு தோணுச்சுன்னா தாராளமாப் போடுங்க. ஆனா இன்னைக்கு இருக்குற ஆளோட போடுங்க!