துருத்திக்குப் பின்னால ஒரு சுவர்

தொடல தம்பி, தொடமாட்டேன். கையைப் பின்னாடிதான் கட்டியிருக்கேன், பாருங்க. கிட்டப் போகவும் கூடாதா? சரி, ஓரடி தள்ளி நிக்கறேன். நீங்க வேலைக்குப் புதுசு, அதான். இந்த மியூசியத்துல முன்னாடி இருந்த காவக்காரர் என்னைக் கண்டுக்கமாட்டார். ஞாயித்துக்கிழமை கோயில்ல பூசை முடிஞ்சா நேரா இங்கதான் வருவேன்னு அவருக்குத் தெரியும்.

இந்தப் படத்துல இருக்கிறது நான்தான். நிசமாத்தான். அப்பத் தலைல முடி இருந்துச்சு. ஃபிர்மேன்னு பேரு, பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவன், லுவார் ஆத்துப் பாலத்துக்கிட்ட கடை. கீழ தகட்டுல என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லுங்களேன். ஈயம் பூசுபவர், அவ்வளவுதானா? பேரு போடலியா. போகட்டும்.

வரைஞ்சவர் மொர்வான், பாரிசுக்காரர். எங்க கடை இருட்டு அவருக்குப் பிடிச்சுப்போச்சு. மூணு வாரம் மூலைல முக்காலி போட்டு உக்காந்துட்டார். சட்டி சூடா இருக்கும்போதே ஈயம் ஒட்டுறதுக்கு நவச்சாரம் தூவி, ஈயத்தை விட்டு, சணலால ஒரே இழுப்பா இழுக்கணும். அந்த நேரம் பாத்து அசையாதேம்பார். ஈயம் ஆறிடுமே ஐயான்னா காதுலயே போட்டுக்கமாட்டார். சாப்பாட்டுக்கடை அம்மா வந்து, என்ன ஃபிர்மேன், என் சட்டி படத்துலதான் வேகுமா, அடுப்புல வேகாதான்னு கேட்டுட்டுப் போனா.

அவருக்கு சூப்பு ஊத்திக் குடுக்கிறது பெரின். என் சம்சாரம். துருத்தி போடுறதும் அவதான். கை பாட்டுக்கு அமுக்கும், வாய் பாட்டுக்குப் பேசும். அவர் தாடில மஞ்சச் சாயம் ஒட்டியிருந்தா, காலைல முட்டையாங்க ஐயாம்பா. அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

படத்துல அவ எங்க இருக்காளா? அதைத்தான் யாரும் கேக்கறதில்ல. துருத்தி இருக்கு, தணல் செவசெவன்னு இருக்கு, அமுக்க ஆளைக் காணோம். தொழில் தெரிஞ்சவன் பாத்தா உடனே சொல்லிடுவான்.

இருந்தா தம்பி. முடிஞ்ச அன்னிக்கு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் குனிஞ்சு சட்டியைப் பாத்துக்கிட்டிருக்கேன். அவ நிமிந்து சிரிக்கிறா, வரையிறவரைப் பாத்து. பதினோரு வருசம் கூட வாழ்ந்தவன், அந்தச் சிரிப்பை நான் பாத்ததே இல்ல. குனிஞ்சே இருந்தவன் எங்க பாத்திருக்கப்போறேன். இதெல்லாம் இப்பத் தோணுது.

அந்தப் பழுப்புச் சுவர் தெரியுதில்ல, துருத்திக்குப் பின்னால? அதுக்கு அடியிலதான் இருக்கா.

மறு வருசம் காலராவுல போயிட்டா. காலைல துணி துவைக்க ஆத்துக்குப் போனா, மறுநாள் சாயங்காலம் இல்ல. வேற படமா? எங்களை மாதிரி ஆளுங்களுக்கு ஏது தம்பி.

மொர்வானைத் தேடி ரயிலேறிப் பாரிசுக்கே போனேன். அந்தச் சுவரைச் சுரண்டி அவளை எடுத்துக் குடுங்க ஐயான்னு கால்ல விழாத குறை. சுரண்டினா மேல பூசினதோட அவளும் வந்துடுவா ஃபிர்மேன்னார். படத்தை நகரசபை வாங்கிட்டாங்க, நான் கை வைக்கவும் முடியாதுன்னார். நல்ல மனுசன், அப்படியே அனுப்பல. ஒரு தாளை எடுத்து, ஞாபகத்துல போட்டுத் தரேன்னு உக்காந்தார். அஞ்சு தாள் போட்டார். அஞ்சும் யாரோ பொம்பளைங்க. கடைசில, நீயே சொல்லு, மூக்கு எப்படி இருக்கும், புருவம் அடர்த்தியா, லேசான்னார். எனக்குச் சொல்லத் தெரியல. சாயங்கால ரயிலுக்குத் திரும்பி வந்துட்டேன்.

பக்கவாட்டுல வெளிச்சம் விழும்போது பாத்தா, அந்த இடத்துல சாயம் கொஞ்சம் மேடா இருக்கிற மாதிரி இருக்கு. கன்னமா, தோளான்னு புரியல. அதான் கிட்டப் போனேன்.

மணி அடிச்சாச்சா? இதோ கிளம்பறேன்.

எதுக்கு அவளை மறைச்சாங்களா? நகரசபைக்காரங்க ஒண்ணும் சொல்லல தம்பி. மறைக்கச் சொன்னது நான்தான். ஊரே பாக்கிற படத்துல என் பொண்டாட்டி இப்படிப் பல்லக் காட்டிக்கிட்டு நிக்க வேணாம்னேன். பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தா. மொர்வான் அவளைத் திரும்பிப் பாத்தார். சுவராவே போட்டுடுங்க ஐயா, தணலை நல்லா எடுத்துக் காட்டும்னு அவளே சொன்னா. சொல்லிட்டு, சட்டி ஆறுதுன்னு துருத்திக்குப் போயிட்டா.