காதுக்குஞ்சச் சேவல்

நீல முட்டைக்குத் தனி ருசி கிடையாது, சார்ஜன்ட். டவுன்காரர்கள் அப்படிச் சொல்லித் திரிகிறார்கள், நம்பாதீர்கள். உடைத்து ஊற்றினால் எல்லா முட்டையும் ஒன்றுதான். ஓடு மட்டும் நீலம். அதுவும் மேல்பூச்சு இல்லை, உள்பக்கமும் அதே நீலம். இந்தப் பூதி ஏரிக்கரையில் பிறந்த எங்கள் மாபுச்சே இனத்துப் பெண் எவளுக்கும் இது தெரியும். சுனில்டாவுக்குத் தெரியவில்லை. அவள் தெமூக்கோ நகரத்தில் வளர்ந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள்.

அவள் வந்த வருஷம் வசந்தத்தில் எங்கள் மாற்றுச் சந்தை கூடியது. அங்கே காசு செல்லாது. விதை கொடுத்துக் கோழி வாங்கலாம், கோழி கொடுத்துக் கம்பளி வாங்கலாம். வீட்டில் இருப்பதிலேயே நல்லதைத்தான் கொண்டுவர வேண்டும். ஏமாற்றினாள் என்று பேர் எடுத்தவளோடு அப்புறம் யாரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். நான் என் அம்மா வழியில் வந்த கோழிகளின் முட்டைகளை ஒரு கூடை கொண்டுபோயிருந்தேன். சுனில்டா ஒன்றை எடுத்து, எச்சில் தொட்டு, நகத்தால் சுரண்டினாள்.

"என்னக்கா, உக்காந்து பெயிண்ட் அடிச்சியா?"

கூட்டமே சிரித்தது. தமாஷுக்குத்தான் சொன்னாள், எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு ஒட்டிக்கொண்ட 'சாயக்காரி' என்ற பேர் போகவேயில்லை. மறு வருஷம் என் கூடையைத் தொட ஆளில்லை. என் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள், "ஓ, சாயக்காரி பொண்ணா?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. மகள் தலைநகர் சாந்தியாகோவுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். என்னோடு பேசுவதில்லை. எனக்கு வயிறு எரிந்தது சார்ஜன்ட், மறைப்பானேன்.

அதற்கடுத்த சந்தைக்கு நான் சிரித்த முகமாகப் போனேன். என்னிடம் இருந்ததிலேயே அழகான சேவலை சுனில்டா கையில் கொடுத்தேன். இரண்டு காதோரமும் இறகுக் குஞ்சம், ராஜா மாதிரி இருக்கும்.

"எனக்கா தர்றே?" என்றாள்.

"நமக்குள்ள என்னடி, வச்சுக்க."

அவளுடைய கோழிகளுக்கும் காதில் குஞ்சம் உண்டு. குஞ்சம் வைத்த சேவலைக் குஞ்சம் வைத்த கோழியோடு சேர்க்கவே கூடாது. குஞ்சுகளில் பாதி வெளியே வராமல் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும். என் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது. சுனில்டா கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் கேட்கவில்லை.

விஷயம் தெரிந்தவள் அந்த வீட்டில் ஒருத்தி இருந்தாள், அவளுடைய நாத்தனார் எதெல்மிரா. கல்யாணம் ஆகாதவள், கால் கொஞ்சம் ஊனம். அடை வைப்பதெல்லாம் அவள்தான். "சேவலை மாத்து" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சுனில்டாவோ நேரே என்னிடம் ஓடிவந்தாள். போன குளிர்காலத்தில் அவளுக்கு ஒரு கரு கலைந்திருந்தது. இப்போது மறுபடி நாலு மாசம்.

"குஞ்செல்லாம் ஓட்டுக்குள்ளயே செத்துக் கெடக்குக்கா. என் வயித்துல இருக்கறதும் அப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

நான் மாத்தே பானத்தை ஊற்றி அவள் கையில் கொடுத்தேன். "அடைக்கு முட்டை வைக்கறது யாரு?"

"நாத்தனார்தான்."

"நான் குடுத்த சேவலை விரட்டச் சொல்றதும் அவதானே?"

அவ்வளவுதான் கேட்டேன். நாத்தனார்தான் செய்வினை வைக்கிறாள் என்று மீதியை அவளே கோத்துக்கொண்டாள். எங்கள் வைத்தியக்காரி மச்சியிடம் போகலாமா என்றாள். வேண்டாம் என்று தடுத்தேன். மச்சி கெட்டிக்காரி, சேவலைப் பார்த்ததுமே சிரித்துவிடுவாள். "கோழிக் கொட்டகையைக் கொளுத்திடு, அடைக்கூடை வைக்கோல் எல்லாத்தோட செய்வினையும் போகட்டும்" என்றேன். வியாழக்கிழமை மத்தியானம் எதெல்மிரா ஊருக்குள் போவாள், அப்போது செய்கிறேன் என்றாள்.

அந்த வியாழக்கிழமை எதெல்மிராவை வழியில் பார்த்தேன். "மழை வரும்போல இருக்கு, இந்தக் காலோட எங்க போறே? ஒரு அடை இன்னிக்குப் பொரிக்கும்போல, கூட இரு" என்று திருப்பி அனுப்பினேன். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அடுத்த சந்தையில் சேவல் சமாசாரத்தைச் சபையில் சொல்லப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை அந்தக் கூட்டம் என்னைப் பார்த்துச் சிரிக்க நான் விடுவதாக இல்லை. தவிர, சுனில்டாவுக்கும் ஒரு பேர் வர வேண்டாமா? கொலைகாரி என்ற பேர் சுரண்டினாலும் போகாது.

கொட்டகையில் ஒரு கோழிகூட வேகவில்லையே, எப்படி என்று கேட்டீர்கள். நான்தான் முன்னாலேயே போய் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தேன். எதெல்மிரா கணப்புச் சட்டி பக்கத்தில் கண் அசந்திருந்தாள். கடைசியாக அடைக்கோழியைக் கூடையோடு எடுத்தபோது விழித்துக்கொண்டாள்.

"எங்க தூக்கிட்டுப் போறே?"

"மழை விட்டிருக்கு, வெயில்ல வைக்கறேன். நீ தூங்கு."

சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். நரிக்காகக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு மரத்தாழ் உண்டு, அதைப் போட்டேன். சுனில்டா வைக்கோலோடு பின்பக்கம் நின்று, "உள்ள யாருமில்லியேக்கா?" என்றாள்.

"யாருமில்ல" என்றேன். அவளிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

தீ பிடித்து, உள்ளேயிருந்து எதெல்மிராவின் சத்தம் கேட்டதும் சுனில்டா பாய்ந்து ஓடினாள். நான் பிடித்துக்கொண்டேன். வயிற்றில் பிள்ளையோடு தீக்குப் பக்கத்தில் போகலாமா? தான்தான் கொன்றதாக லாக்கப்பில் அழுகிறாளாம். அழட்டும், தீ வைத்தது அவள் கைதானே.

கோழிகள் இப்போது என் வீட்டில்தான் இருக்கின்றன. அவற்றை உள்ளே விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை, சார்ஜன்ட். வாயில்லாத ஜீவன்கள், அதுகள் யாருக்கு என்ன கெடுதல் செய்தன?