இருநூற்றுப் பன்னிரண்டாம் வரிசைக் குறி நான் போட்டது

பெயரும் விலாசமும் முதல் தாளில் எழுதிக் கொடுத்தபடி. வயது நாற்பத்து நான்கு. மருத்துவமனைக்குப் பின்தெருவில், சலவைக் கடைக்கு மேல்மாடியில், கணவர், மாமியார், கொழுந்தன், கொழுந்தன் மனைவி ஆகியோருடன் ஒரே வீட்டில் குடியிருக்கிறேன். மருத்துவமனை உணவுப் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். கொழுந்தன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, எட்டு மாதமாக அதே அறையில் வேலை செய்கிறாள். வீட்டிலும் வேலையிலும் என்னைப் பெரியவள் என்றும் அவளைச் சின்னவள் என்றும் சொல்வார்கள். அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான்தான். யாரும் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளாததால் இங்கே பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

நோயாளிகளின் சாப்பாட்டுப் பட்டியல் எக்செல்லில் உள்ளது. ஆளுக்கு ஒரு வரிசை, முந்நூறு வரிசைக்குக் குறையாது. மேலே தலைப்பு வரிசையில் உப்பு குறைவு, சர்க்கரை கூடாது, பால் கூடாது, கூழாக மட்டும் என்று இருக்கும். யாருக்கு எதுவோ அந்தக் கட்டத்தில் குறி போட வேண்டும். நாற்பது ஆளுக்குக் கீழே போனால் தலைப்பு மேலே ஓடி மறைந்துவிடும், எந்தக் கட்டம் எது என்று தெரியாது. அதனால் நான் வார்டிலிருந்து வெள்ளை பிளாஸ்டர் வாங்கி வந்து, திரையின் மேல் விளிம்பில் ஒட்டி, அந்தந்தக் கட்டத்துக்கு நேராகத் தலைப்புகளைப் பேனாவால் எழுதி வைத்திருந்தேன். எவ்வளவு கீழே போனாலும் பிளாஸ்டர் அங்கேயே இருக்கும். என் காலத்தில் ஒரு தட்டுகூட மாறிப் போனதில்லை.

சின்னவள் வந்த முதல் வாரமே, "அக்கா, இதுக்கு ஃப்ரீஸ்னு ஒண்ணு இருக்கு" என்று சொல்லி மூன்று தட்டு தட்டினாள். தலைப்பு வரிசை மேலேயே நின்றுவிட்டது. அதன் கீழே ஆட்கள் மட்டும் நகர்ந்தார்கள். அதன் பிறகு என் பிளாஸ்டரை உரித்து, பசை இருந்த இடத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். தலைமைச் சமையல்காரர் வந்து பார்த்து, "இத்தனை வருஷம் இது தெரியாமலா இருந்தோம்" என்றார். எல்லோரையும் சேர்த்துச் சொன்னாரே தவிர, பார்த்தது என்னை. அதன் பிறகு கம்ப்யூட்டர் அவள் மேஜைக்குப் போனது, வார்டு தொலைபேசி என் மேஜைக்கு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அவள் பால் கூடாது என்பதற்கு அடுத்து முட்டை கூடாது என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தாள். அதற்கும் பாராட்டினார்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை சின்னவளை உணவுப் பிரிவுக்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள். அன்று வீட்டில் அத்தை அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறைதான். என் கணவர் என்னிடம், "நீயும் அவகிட்ட ரெண்டு விஷயம் கத்துக்கலாமே" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. வேறு சொல் போடலாமா என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் காவல் நிலைய எழுத்தர் கேட்கிறார். இதுதான் சரியான சொல்.

மறுநாள் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சின்னவள் மேலே கூட்டத்துக்குப் போனாள். போகும்போது, "யாராவது புதுசா வந்தா போட்டுடுங்கக்கா" என்று சொன்னாள். அறையில் யாரும் இல்லை. நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் எங்கே தட்டினாள் என்பதை எட்டு மாதமாகப் பார்த்து வைத்திருந்ததால், அங்கேயே தட்டி ஃப்ரீஸை எடுத்துவிட்டேன். அவள் யாருக்காவது உப்பு மாற்றிப் போட வேண்டும், சமையல்காரர் வாயில் அவள் ஒரு நாளாவது விழ வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. அவளுக்கு மட்டும் நினைத்தேன்.

நான் எழுந்திருப்பதற்குள் தொலைபேசி அடித்தது. மூன்றாம் மாடி நர்ஸ் பேசினார். புதிதாக வந்திருக்கும் பெரியவருக்குப் பக்கவாதம், விழுங்க முடியாது, எல்லாம் கூழாக மட்டும் என்றார். பத்து மணிக்குப் பட்டியல் அச்சாகி அடுப்படிக்குப் போய்விடும். நான் கீழே, அவர் படுக்கைக்கான இருநூற்றுப் பன்னிரண்டாம் வரிசைக்குப் போனேன். தலைப்பு இல்லை. திரும்ப நிறுத்தி வைக்க எனக்குத் தெரியும். மேலே போய் ஒரு தரம் பார்த்துவிட்டும் வந்திருக்கலாம். தலைப்பே இல்லாமல் பட்டியல் போட்டவளுக்கு இது என்ன என்ற திமிரில், பிளாஸ்டர் இருந்த காலத்து ஞாபகத்தில், நான்காவது கட்டத்தில் குறி போட்டேன். நான்காவது இப்போது முட்டை கூடாது. பெரியவருக்கு முட்டை போகவில்லை, ரொட்டி போனது.

அவருக்கு ரொட்டி தொண்டையில் அடைத்து மூச்சு நின்றதும், அதன் பிறகு தீவிர சிகிச்சைக்குக் கொண்டு போனதும், அவருடைய மகள் இங்கே புகார் கொடுத்ததும் நீங்கள் அறிந்தது. நான் கண்ணாடிக் கதவு வழியாக அவரைப் பார்த்தேன். லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர் என்று நர்ஸ் சொன்னார். குழாய் செருகியிருந்தது. அங்கேயே நின்று அழுதேன். இன்று காலை கண் திறந்ததாகச் சொல்கிறார்கள்.

விசாரணையில் மருத்துவமனை அதிகாரி யார் குறி போட்டது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவள், "நான்தான் சார் போட்டேன். ஃப்ரீஸ் கை பட்டு எடுபட்டிருக்கு, கவனிக்கல" என்றாள். அந்த நேரத்தில் அவள் கூட்டத்தில் இருந்தது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், வேறு யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஃப்ரீஸை எடுத்தது நான் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. அன்று சாயங்காலம் மாடிப்படியில் வைத்து ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "விடுங்கக்கா. உங்களுக்குப் பதினாலு வருஷம், எனக்கு எட்டு மாசம்தானே. போனா போகட்டும்" என்றாள். நான் மேலே போய்விட்டேன்.

அதன் பிறகு நடந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. பெரியவரின் மகளே சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்ப ஒத்துக்கிற மனசு யாருக்கும்மா வரும்" என்றாள். சமையல்காரர் அவளுக்காக எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறார், என்னிடமும் வாங்கினார். பெரிய மருமகள் உடைத்தால் பொன்குடம், சின்ன மருமகள் உடைத்தால் மண்குடம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இப்போது நான் உடைத்த குடத்தையும் அவள் உடைத்ததாகச் சொல்லிப் பெயர் வாங்குகிறாள். அவளுக்கு வேலை போகும், வழக்கும் வரும் என்கிறார்கள். போனால் அவள் தியாகி, நான் ஆயுசுக்கும் அவள் உப்பைத் தின்றவள். மனசாட்சி உறுத்தியதால் வந்தேன் என்று எழுதட்டுமா என்று எழுத்தர் கேட்டார். பாதி அப்படி எழுதலாம் என்றேன். மறுபாதி, அவள் நல்லவள் என்பதை இனி ஒரு நாள்கூட என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

ஃப்ரீஸை எடுத்தது நான். குறி போட்டது நான். சின்னவள் சொன்னது எனக்காகச் சொன்ன பொய், அதை அடித்துவிட வேண்டும். இது யாரும் மிரட்டிச் சொன்னதல்ல. அவசரத்தில் மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்ததால் எழுத்தர் வரிக்கு வரி வாசித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது. என் கண்ணாடியை எடுத்துக்கொண்டு சின்னவள் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகக் காவலர் இப்போது வந்து சொன்னார். வாங்கி வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எழுத்தர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.