பின்கதவின் வலது கீல்

சிதம்பரம், 19.02.2025, புதன்கிழமை, முற்பகல்.

என் பெயர் சபாபதி. வயது 71. தகப்பனார் பெயர் மணவாளன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். அரிசி ஆலையில் லாரி ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் தேவைப்பட்டதை நானே படித்துக்கொண்டேன்.

16ஆம் தேதி நடந்த டிரெய்லர் விபத்து பற்றி என் மகன் சிலம்பரசன் 17ஆம் தேதி இந்தக் காவல் நிலையத்தில் கொடுத்த மனு தொடர்பாக விசாரணைக்கு ஆஜரானேன். நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அதில் பிளைவுட் பற்றி நான் சொன்னது விடுபட்டிருந்தது. சொன்னதில் பாதி இருக்கும் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். உதவி ஆய்வாளர் அருள்மொழி அம்மா வெள்ளைத் தாள் நான்கு கொடுத்து, "நீங்களே எழுதுங்க ஐயா. ஆனா நடந்தத மட்டும் எழுதுங்க" என்றார். ஆகவே என் கையால் எழுதுகிறேன்.

என் மனைவி பெயர் விருத்தாம்பாள், வயது 66. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பியவள். தையல் தொழில் செய்கிறாள். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரை முப்பது வருடமாக ஓட்டுகிறாள். எங்கள் ஊரில் யாரும் அவளைத் தூக்கியதில்லை, தள்ளியதில்லை. வெளியூர் போனால் மட்டும் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ள வேண்டும். அதனால் எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும், "நீ போயிட்டு வா மாமா, எனக்குத் தையல் இருக்கு" என்பாள். தையல் இருக்காது.

2023ஆம் வருடம் கைபேசியில் ஒரு டிரெய்லரைப் பார்த்தேன். காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுப்பது. முன்பாதியில் இரண்டு பேர் படுக்கலாம், பின்பாதியில் மோட்டார் சைக்கிளை ஏற்றலாம், பின்கதவைத் தரை வரை சாய்த்தால் அதுவே வண்டி இறங்கும் பலகை. என்னிடம் ஜீப் இருந்தது. விருத்தாவின் ஸ்கூட்டரை நீளம் அகலம் அளந்து, நாற்பது நாள் உட்கார்ந்து வரைந்து, எங்கள் பகுதியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஆரோக்கியராஜிடம் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்து, "பெரியவரே, இது வீடா, வண்டியா?" என்றார். "ரெண்டுந்தான், ஒழுங்கா செய்" என்றேன்.

அவர் செய்ததில் எனக்குள்ள குறைகளைக் கூறுகிறேன். தரைக்கு 18 மில்லிமீட்டர் கனத்தில் தண்ணீர் தாங்கும் பிளைவுட் கேட்டேன். போட்டது 12. அளவுகோல் வைத்துக் காட்டியும் அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. கூரைத் தகரத்தில் ரிவெட் அடித்த இடங்களில் பசை ஒழுங்காக வைக்கவில்லை. சென்ற டிசம்பர் மழையில் மூன்று இடத்தில் ஒழுகி, தரை உப்பி, ஸ்கூட்டர் ஸ்டாண்டு நிற்கும் இடத்தில் பள்ளம் விழுந்தது. சட்டம் நல்ல இரும்பு. அச்சும் வில் பட்டையும் இதுவரை தொல்லை கொடுத்ததில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். விபத்துக்கும் பிளைவுட்டுக்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் பதிவாக வேண்டும்.

23.10.2023 ஆயுத பூஜை அன்று காலை டிரெய்லரை எடுக்கப் போனேன். வர்ணம் அடித்து முடித்திருந்தது. பின்கதவின் அடியில் உள்ள இரண்டு கீல்களும் அப்போது முழுசாகப் பற்றவைக்கப்படவில்லை. கதவு நேராக நிற்கிறதா என்று பார்ப்பதற்காக இடையிடையே பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து, மேலே பட்டி பூசியிருந்தது. ஆரோக்கியராஜ் கிறிஸ்தவர் என்றாலும் பட்டறையில் ஆயுத பூஜை தவறியதில்லை. வெல்டிங் மிஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலையோடு பூஜையில் வைத்துவிட்டார்கள். ஆரோக்கியராஜ், "அரை மணி நேரம் குடுங்க ஐயா, பொட்ட தொடச்சிட்டு மிஷின எடுத்து முடிச்சிடறேன், ஏசு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றார். பூஜையில் வைத்த கருவியை அன்றைக்குத் தொடக் கூடாது என்று தடுத்தது நான். இரண்டு நாள் கழித்துக் கொண்டுவருவதாகச் சொல்லி டிரெய்லரை எடுத்துக்கொண்டேன்.

அதன் பின்பு அன்று பகலே நானும் விருத்தாவும் திருவந்திபுரம் கோயிலுக்குப் போய், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, பூஜை முடித்தோம். ஸ்கூட்டரைப் பின்னோக்கி உள்ளே ஏற்றி வைப்பது என் வேலை. நேராக ஓட்டி இறங்குவது அவள் வேலை. அப்படியே இறங்கினாள். கெடில ஆற்றங்கரை வரை தனியாகப் போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினாள். எங்கே போனாய் என்று கேட்டேன். "சும்மாதான், ஒரு வளைவு இருந்திச்சி, அதுக்கு அந்தாண்ட என்னன்னு பாத்தேன்" என்றாள்.

அதன் பின்பு கதவை மூடச் சொல்லி, டிரெய்லர் தரையில் உட்கார்ந்து, மீதமிருந்த வெள்ளை பெயிண்டைத் தொட்டு, கதவின் உட்புறம் திருவந்திபுரம் என்று எழுதினாள். உட்கார்ந்தபடி எழுதியதால் எழுத்து கதவின் அடியில், வலது கீலை ஒட்டி மேலே விழுந்தது.

25ஆம் தேதி டிரெய்லரைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். இடது கீலை அன்றே முழு நீளத்துக்குப் பற்றவைத்தார். வலது கீலுக்கு வந்ததும், "சூட்டுல அம்மா எழுதுனது கருகிடும், மறுபடி எழுதிக்கச் சொல்லுங்க" என்றார். அவள் எழுதியதை எரிக்கக் கூடாது என்று சொன்னேன். "அப்ப ஓட்டை போட்டு போல்ட்டு முடுக்கறேன்" என்றார். "எழுத்து மேல ஓட்டை போடுவியா?" என்று கேட்டு வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். விருத்தாவிடம் இரண்டு கீலும் முடிந்தது என்று பொய் சொன்னேன். ஆரோக்கியராஜிடமும் அவளுக்குத் தெரியக் கூடாது என்று சொன்னேன்.

அதன் பின்பு சுமார் ஒன்றரை வருடத்தில், திருவந்திபுரத்தையும் சேர்த்துப் பதினோரு ஊர் போனோம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வரி, முந்தின வரிக்கு மேலே எழுதிக்கொண்டே போனாள். ஆரோக்கியராஜ் இரண்டு முறை என் வீட்டு வாசலுக்கு வந்து வலது கீலை முடித்துவிடலாமா என்று கேட்டார். இரண்டாவது முறை டிசம்பர் மழைக்குப் பிறகு வந்தார். "மொதல்ல பிளைவுட்ட மாத்து, அப்புறம் கீலப் பத்திப் பேசலாம்" என்று அனுப்பிவிட்டேன்.

16.02.2025 ஞாயிறு காலை சுமார் எட்டு மணிக்குச் சிதம்பரம் மேலவீதியில் நிறுத்தினோம். வெயில் ஏறுவதற்குள் தேரோடும் நான்கு வீதியையும் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும் என்பது அவள் விருப்பம். நான் கதவைச் சாய்த்தேன். அவள் ஸ்கூட்டரை உயிர்ப்பித்து முன் சக்கரத்தைக் கதவின் மேல் வைத்ததும் வலது கீல் விட்டது. கதவு வலது பக்கம் இறங்கி, பக்கச் சக்கரம் இடைவெளியில் சிக்கி, ஸ்கூட்டர் சாய்ந்து, அவள் வலது கையை ஊன்றி விழுந்தாள். பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். விருத்தா அவர்களிடம், "என்னைத் தூக்காதீங்க. வண்டிய நிமித்துங்க, நானே ஏறிக்கிறேன்" என்றாள். மணிக்கட்டு அப்போதே வீங்கியிருந்தது. மருத்துவமனையில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு என்று சொல்லி மாவுக்கட்டுப் போட்டார்கள்.

அதன் பின்பு என் மகன் ஓசூரிலிருந்து வந்து, கீலில் பட்டி பெயர்ந்த இடத்தைப் படம் எடுத்து, ஆரோக்கியராஜ் அரைகுறையாகப் பற்றவைத்து ஏமாற்றிவிட்டதாக மனு கொடுத்தான். படத்தில் உள்ளது உண்மை. மனுவில் உள்ள காரணம் உண்மை அல்ல. தாயின் கையைப் பார்த்துவிட்டு எழுதிய மனு அது. அவனைக் குறை சொல்லவில்லை.

நேற்று ஆரோக்கியராஜை இங்கே விசாரித்தபோது நான் பக்கத்துப் பெஞ்சில் இருந்தேன். அவர், "வேலை என்னுதுதாங்க மேடம். முடிக்காம வெளிய விட்டது என் தப்பு" என்று மட்டும் சொன்னார். என் பெயரை எடுக்கவில்லை. வழக்குப் பதிவானால் பட்டறை என்னவாகும் என்று அவருக்குத் தெரியும். வெளியே வந்ததும், "ஏம்பா, நான் தடுத்ததச் சொல்ல வேண்டியதுதான?" என்று கேட்டேன். "அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னீங்களே ஐயா" என்றார்.

அதன் பின்பு நேராக மருத்துவமனைக்குப் போய் விருத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "பேரு எரிஞ்சா போன ஊரு போகாத ஊராயிடுமா மாமா? பதினொன்னும் எனக்கு மனப்பாடம்" என்றாள். "போயி அந்தப் பட்டறைக்காரப் பிள்ளைய மொதல்ல கேஸ்லேந்து விடச் சொல்லு" என்றாள். நான் கதவு வரை வந்ததும் கூப்பிட்டு, "பிளைவுட்ட மட்டும் விட்டுடாத. அதுல நீ சொன்னது சரிதான்" என்றாள்.

ஆகவே வலது கீல் விட்டதற்கு நானே பொறுப்பு. ஆரோக்கியராஜ் மீது வழக்கு வேண்டாம். நிலைய வளாகத்தில் நிற்கும் டிரெய்லரை அவருடைய பட்டறைக்கே அனுப்பி, வலது கீலை முழு நீளத்துக்குப் பற்றவைக்க அனுமதி கேட்கிறேன். சூட்டில் திருவந்திபுரமும் அதற்கு மேல் இரண்டு ஊரும் கருகும் என்று தெரிந்தே சம்மதிக்கிறேன். தரைப் பலகையையும் அவர் மாற்றித் தர வேண்டும். அதில் நான் இறங்கி வர மாட்டேன்.

கதவில் சிதம்பரம் இன்னும் எழுதப்படவில்லை. நானாவது எழுதட்டுமா என்று கேட்டேன். தரையில் சக்கரம் படாத ஊரை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டாள். கட்டுப் பிரித்ததும் இதே மேலவீதிக்கு மறுபடியும் வருவோம்.

இதில் உள்ள ஒவ்வொரு வரியும் நானே நினைவோடு எழுதியது. யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் மிரட்டவில்லை. இரண்டு முறை படித்துப் பார்த்தேன், அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்)
ம. சபாபதி